இறங்கினோம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். இடது காலில் விரல்கள் மட்டும் இல்லை. பனியில் கறுத்துப்போயிருந்தன, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அழாதே. பூட்ஸுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு வாத்து என்று பேர் வைத்துவிட்டார்.

விரல் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். எங்களைச் சுமைதூக்கக் கூட்டிப்போனாரே உங்கள் பயண எழுத்தாளர், நாங்கள் ‘தொப்பி’ என்று கூப்பிடுவோம், அவர் கீழே வந்ததும் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்லியிருக்கிறார். சுமைக்காரர்கள் பயந்துபோய் ஆற்றோடு திரும்பிவிட்டார்களாம். அதற்கு அப்பால் பனிவெளியைத் தான் மட்டும் கடந்தாராம். மற்றவர்கள் திரும்பியது நிஜம்; முகாமுக்கு வராமல் அப்படியே ஊருக்குப் போய்விட்டார்கள். நான் திரும்பவில்லை. கம்பால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தவன் நான். அவர் கூடாரம், சாப்பாடு, எழுதுகிற காகிதம் எல்லாம் என் முதுகில்தான் இருந்தன.

சுமைக்காரர்கள் முகாமில் சமையல் வேலையாவது தரச்சொல்லி மேஸ்திரியிடம் போய் நின்றேன். “எங்கயோ குடிச்சுட்டு விழுந்து கெடந்துட்டு எங்கிட்ட கதை விடுறியா? ஆத்தோட ஓடிவந்தவனுக்கு இங்க என்னடா வேலை?” என்றார். ஓடிவந்தவன் என்று பேர் வாங்கினவனை இங்கே யாரும் சேர்ப்பதில்லை, அக்கா. முன்பு வேறு பயணங்களில் என்னோடு சுமந்தவர்களே தள்ளி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அவர் புத்தகத்தை உங்கள் பதிப்பகம்தானே போடுகிறது? அச்சுக்கு முன்னால் பிழை பார்க்கிற மெய்ப்பு உன் மேஜைக்குத்தானே வரும்? அதில் நான் இருப்பேன் அல்லவா? வாயால் என்ன சொன்னாலும் எழுதும்போது மனுஷன் நிஜத்தைத்தான் எழுதுவான். நீ வீட்டுக்குக் கொண்டுவந்த பயணப் புத்தகங்களைப் படித்துக் கெட்டுப்போனவன் நான். எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது.

உன் தம்பி

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

அழாதே என்று எழுதினால் அழாமல் இருந்துவிடுவேனா, மடையா? விரல் போன விஷயத்தைக் காய்ச்சல் வந்த மாதிரி எழுதியிருக்கிறாய். உன் மாமாவும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஆலையில் இன்னும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

மெய்ப்பு வந்துவிட்டது. முதலில் ஆற்றுக்கு அப்புறம் உள்ள பக்கங்களைத்தான் புரட்டினேன். எல்லாம் ‘நாங்கள்’ என்றே இருக்கிறது. நடந்தோம், சறுக்கினோம், கூடாரம் அடித்தோம். உன் பேர் இல்லை. கூட வந்தது யார் என்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நீ இருக்கிறாய். தைரியமாக இரு.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த ‘ஓம்’ போதும் எனக்கு. பேர் வேண்டாம்.

இங்கே படுத்துக்கொண்டு ஒன்றை யோசித்தேன். எத்தனை பயணப் புத்தகம் படித்திருப்பேன். ஒன்றிலாவது மூட்டையைச் சுமந்தது யார் என்று கேட்டேனா? அந்தப் புத்தகங்களில் கழுதைக்குப் பேர் இருக்கும், நாய்க்குப் பேர் இருக்கும். ‘மனிதக் காலடி படாத இடம்’ என்று தொப்பி படம் எடுத்தாரே ஒரு மேடு, அங்கே நான் ஏற்கெனவே அடுப்பு மூட்டிவிட்டேன். அவர் குடித்த டீயை வேறு யார் போட்டது?

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை எனக்கு அனுப்பு. மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியும்.

உன் தம்பி

ஏப்ரல் 11

அன்புத் தம்பிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

எழுத்தாளர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஆற்றுக்கு அப்புறம் வரும் ‘நாங்கள்’ எல்லாவற்றையும் ‘நான்’ ஆக்கச் சொன்னார். கூட வந்தவன் என் தம்பி என்று சொன்னேன். கால் விஷயத்தையும் சொன்னேன். “நல்ல பையன்மா” என்றார். “ஆனா பாருங்க, ரெண்டு பேர் போனா அது பயணம். ஒருத்தன் போனாத்தான் சாகசம்.” முதலாளி சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்குக் கஷ்டமா இருந்தா பக்கத்து மேஜையில குடுத்துடுங்க, அதோட நீங்களும் கெளம்பலாம்” என்றார்.

மாற்றினேன். நடந்தேன், சறுக்கினேன், அடித்தேன். ஒவ்வொரு ‘ஓம்’மையும் அடித்து ‘ஏன்’ போட்டேன். கொஞ்ச நேரத்தில் பக்கம் முழுக்க ஏன், ஏன் என்று கேட்பது போலவே இருந்தது. என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும்.

உன் அக்கா

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு இனி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். பழைய பயணப் புத்தகங்களை எல்லாம் எடைக்குப் போட்டேன். நீ அனுப்பிய பிரதியையும் அதோடு போட இருந்தேன். எதற்கும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்போம் என்று புரட்டினேன்.

பனிச்சரிவு வரும் இடம். ‘கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு செங்குத்தில் இறங்கினோம்.’

ஓடினேன், அக்கா. வாத்து ஓடியதை முகாமே பார்த்தது. மேஸ்திரி அந்த வரியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். “ஒத்தையா போனவன் இறங்கினோம்னு எதுக்குடா எழுதுறான்?” என்று அவரே கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, “நாளைக்கு வந்து பாத்திரத்தைப் பிடி” என்றார். இப்போது சமையற்கூடத்தில் இருக்கிறேன். யாரும் தள்ளி உட்காருவதில்லை.

அத்தனை பேர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு எனக்காக அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறாய். ஏப்ரலில் எழுதியபோதே ஜாடையாகச் சொல்லியிருக்கக் கூடாதா? உன்னைப் பற்றி என்னென்னவோ நினைத்துவிட்டேன். மன்னித்துவிடு.

உன் தம்பி வாத்து

ஜூலை 6

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமா சத்தமாகப் படித்தார். என்னைப் பெருமையாகப் பார்த்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

நான் விட்டுவைக்கவில்லை. கண் தப்பிவிட்டது. அவ்வளவுதான்.

எழுத்தாளர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஊரே சிரிக்கும் என்று முதலாளி மேஜையைத் தட்டினார். பிழைதிருத்தச் சீட்டு அடித்திருக்கிறார்கள். பிழை: இறங்கினோம். திருத்தம்: இறங்கினேன். கடைக்குப் போகாமல் இருக்கும் பிரதிகளில் எல்லாம் அதை ஒட்டவேண்டும். தப்பவிட்டவளே ஒட்டட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் பிரதியில் சீட்டு இருக்காது. அதைக் கையைவிட்டுக் கொடுத்துவிடாதே. உன் மேஸ்திரி வேறு பிரதி வாங்காமல் இருக்கவேண்டும். வேலை வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம்தான். வரவில்லை. திட்டியாவது ஒரு வரி போடு.

உன் அக்கா

ஆகஸ்ட் 24

மதிப்பிற்குரிய மெய்ப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பதிப்பகம் வெளியிட்ட பயண நூலின் பிரதி ஒன்றை எங்கள் மேஸ்திரி வாங்கியிருக்கிறார். தாங்கள் ஒட்டிய சீட்டு கோணாமல், பசை வழியாமல் சுத்தமாக இருக்கிறது. அதைப் படித்த பிறகு சமையற்கூடத்தில் இருந்த ஓர் ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மற்றபடி புத்தகத்தில் பிழை ஏதும் இல்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்