இறங்கின பிறகு எழுது

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலேயே வெயில். மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் கரித்தூள். மறுபடி அலசல். இவர் ஹார்பருக்குப் போகும் அவசரத்தில் ஈரத்தோடே மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், விமானம் ஏறிய கதைகளைப் போடும் எங்கள் ‘ஜன்னல் சீட்டு’ குழுவைப் போனில் திறந்தேன். என் அனுமதிக்காகப் பெண்டிங்கில் கிடந்தவை:

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு விமானத்தில் ஏறிய அக்கா. அப்ரூவ். சிரித்ததில் ரசம் புரையேறியது.
செக்கிங்கில் மிளகாய்த்தூளைப் பறிகொடுத்த குவைத் டிரைவர். அப்ரூவ்.
டிக்கெட் விளம்பரம். தூக்கியாச்சு.
ஜெகன், எண்ணூர். நிறுத்திவைப்பு. ஆள் இன்னும் புறப்படவே இல்லை.

எங்கள் குழுவுக்கு ஒரே விதிதான்: இறங்கின பிறகு எழுது. பாஸ்கர் அண்ணன் போட்டது. அவரும் நானும்தான் குழுவைப் பார்த்துக்கொள்கிறோம். காத்திவாக்கத்துக்காரர், கப்பல் வேலையில் ஓய்வு பெற்றவர். கப்பல் ஏறுவதற்காகவே விமானத்தில் ஊர் ஊராகப் போனவர். கடலுக்குக் கிளம்புகிறவனை ‘எங்கே போற’ என்று அவர்கள் வீட்டில் கேட்கவே மாட்டார்களாம். போய்ச் சேருமுன் பேசினால் ஆகாது.

நான் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. அடுத்தவர் ஏறுவதைப் படிப்பதோடு சரி.

ஆகஸ்ட் 13, புதன்

புழுக்கம். ஆபீஸ் யார்டில் கன்டெய்னர் லாரி வரிசை ரோடு வரைக்கும். வேலையில் மனசு இல்லை.

ஜெகன் எழுதியதை ரயிலில் மறுபடி படித்தேன். முதல் தடவை பாதிதான் படித்திருந்தேன். முதல் பயணமாம், வெள்ளிக்கிழமை பாங்காக். அம்மா கருவாடு பொட்டலம் கட்டியிருக்கிறார். பெட்டி மாறிவிடக் கூடாதென்று கைப்பிடியில் சிவப்பு ரிப்பன்; பெட்டியோடு நின்று எடுத்த போட்டோவும் போட்டிருக்கிறான். இதெல்லாம் சரி. அதற்குக் கீழே:

“கம்ப்யூட்டர் வேலை. விசா மட்டும் டூரிஸ்ட். யாரு கேட்டாலும் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லணும்னு ஏஜெண்டு சொல்லிக்கீறாரு. எறங்கினதும் கார் வரும். பாஸ்போர்ட்ட டிரைவராண்ட குடுத்துடணும். எல்லை தாண்டிதான் ஆபீஸு.”

பேப்பரில் வாராவாரம் வரும் கதைதானே இது? கூட்டிப்போய், எல்லைக்கு அப்பால் பூட்டி வைத்து, போனில் ஊரை ஏமாற்றும் வேலை செய்யச் சொல்லி அடிக்கிறார்கள்.  இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன்.

எந்த ஆபீஸ், எந்த ஊர் என்று அவனுக்குத் தனியாக மெசேஜ். உடனே பதில்: “அக்கா, கெளம்பறதுக்கு முன்னாடி யார்ட்டயும் சொல்லாதன்னு அம்மா சொல்லிக்கிது. எறங்கினதும் போட்டு வுடுங்க.” அவ்வளவுதான். அதன் பிறகு பார்க்கிறான், பேச மாட்டேன் என்கிறான்.

பாஸ்கர் அண்ணனுக்குப் போன்.

“அண்ணா, அவன் எழுதினத இப்பவே குழுவுல போட்டுடலாம். நாலு பேர் படிச்சா நாலு பேர் தடுப்பாங்க.”

“இன்னா தங்கச்சி நீ? பொறப்படறவன நிக்க வெச்சி கேள்வி கேக்கலாமா? நல்ல வேலையா இருந்துட்டா? அவன் பொழப்புல மண்ணு வுழும். பாவம் நமக்கு.”

அதுவும் பயம்தான். நிஜமாகவே நல்ல வேலையாக இருந்துவிட்டால்?

ஆகஸ்ட் 14, வியாழன்

லேசான தூறல். நாளை லீவு என்பதால் ஆபீஸில் எல்லாருக்கும் குஷி. எனக்கு நாளைய விமானம்தான் நினைப்பு.

பால். இஞ்சி. கரண்ட் பில். ஜெகன்.

மத்தியானம் பொறுக்க முடியவில்லை. அண்ணனைக் கேட்காமலே அப்ரூவ் அழுத்திவிட்டேன். குழு தொடங்கியதிலிருந்து தரை இறங்காத முதல் கதை.

ஆரம்பத்தில் எல்லாம் ‘பத்திரமா போய்ட்டு வா மாமு’ வகை. பிறகு, இதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுதினார்: “எந்தம்பியயும் இப்டிதான் இட்டுனு போனாங்க. கார், பாஸ்போர்ட், எல்லாம் அதே. இப்ப போன்ல பேசசொல்லோ பக்கத்துல எவனோ நிக்கிறான். ‘நல்லா கீறேன்’னு மட்டும் சொல்றான்.”



ஜெகன் படித்தான். எனக்கு வந்தது: “எம்மேல இன்னா காண்டு உனுக்கு?” குழுவை விட்டுப் போய்விட்டான். நேற்று வரை அக்கா என்றவன்.

அண்ணனும் படித்திருக்கிறார்.  அதுதான் இன்னும் பயம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். கோயிலில் கூட்டம். ஜெபமாலை உருட்டிய கையிலேயே போனும். “மாதாவா, போனா, யாரைக் கும்பிடற?” என்று இவர் முறைத்தார்.

பூசை முடிந்து வெளியே வரும்போது பாஸ்கர் அண்ணன் அழைப்பு. பின்னால் ஒரே இரைச்சல், அறிவிப்புக் குரல்.

“ஏர்போர்ட்டாண்ட கீறேன். செவப்பு ரிப்பன் பொட்டிய பார்த்துட்டேன்.”

மூட்டு வலியோடு பஸ் மாறி, ரயில் மாறிப் போயிருக்கிறார் மனுஷன். லைனை அப்படியே வைத்திருந்தார். எல்லாம் என் காதில் விழுந்தது.

“நைனா, எங்க போற?”

“யோவ் பெருசு, யார்யா நீ?”

“ஆயுசுல எவனையும் இந்தக் கேள்வி நான் கேட்டதில்ல. உன்ன கேக்கறேன். எங்க போற, சொல்லு. ஆபீஸ் பேரு இன்னா? எந்தத் தெரு?”

 மறுபடி அதே கேள்வி. மறுபடி. “ஏஜெண்டு அதெல்லாம் சொல்லல” என்று கடைசியில் வந்த குரல் சின்னப் பிள்ளையுடையது போல இருந்தது. பிறகு லைன் கட்.

கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை குறைந்துவிட்டதென்று நினைத்து யாரோ பூந்தி கொடுத்தார்கள்.

மாலை அண்ணன் திரும்ப அழைத்தார். ஜெகன் ஏறவில்லை. டாக்ஸி பிடித்து எண்ணூர் வீட்டில் விட்டுவிட்டு வந்தாராம். அவன் அம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார். “வுடு, நல்லா திட்டட்டும்” என்றார் அண்ணன்.  எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு நாளைக்குப் பிறகு வாய்க்கு ருசியாகச் சாப்பாடு.

ஆகஸ்ட் 16, சனி

மழை நின்று சுள்ளென்று வெயில். மீன் வாங்கி வந்து ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஜெகன் போன். மன்னிப்பெல்லாம் இல்லை. “அக்கா, அந்த ஏஜெண்டு அனுப்பின மத்த ஆளுங்க ஏறிட்டாங்கக்கா. அதுல ஒர்த்தரு நம்ம குரூப்புதான். திருவொத்தியூரு முருகேசன்.”

கிளம்புகிறேன் என்று முருகேசன் ஒரு வார்த்தை எழுதவில்லையே? கை கழுவாமல் குழுவைத் திறந்தேன்.

பெண்டிங்கில் ஒன்று. முருகேசன். விமானத்தின் இறக்கை, மேகம், போட்டோ அழகு. “விதிப்படி, இறங்கின பிறகுதான் எழுதறேன். மேல இருந்து நம்ம ஹார்பர் கப்பல்லாம் தீப்பெட்டி மாதிரி இருந்துது. வெளிய கார் நிக்குது. பாஸ்போர்ட்ட வாங்கிக்கினாங்க. மீதிய ஆபீஸ் போய் எழுதறேன்.”

அனுப்பியது நேற்று. நான் ருசியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

கால் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. ரிங் போகிறது. எங்கே போனாய், முருகேசா. ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.