முள் குத்திய கண்ணுக்கு ஊற்றிய பால்

என் ஆசை மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி நாளையோடு ஒரு வருஷம். என் இடது கண்ணுக்குப் பார்வை வந்துவிட்டதுடா! திண்டிவனத்தில் புது லென்ஸ் வைத்துத் தைத்திருக்கிறார்கள். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு 'விழுப்புரம்' என்ற பலகையைப் படித்தேன். "பெரியவரே, என்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? ஜல்தி ஏறுங்க" என்றார் கண்டக்டர். அவருக்கு என்ன தெரியும்?

பல வருஷத்துக்கு முன்னால் நம் காணை ஊரில் கரும்புக் கொல்லைக்கு வேலி வெட்டியபோது வேலிக்காத்தான் முள் என் கண்ணில் ஏறியது. நீ வீட்டுக்கு ஓடி, கைக்குழந்தை வைத்திருந்த உன் பெண்டாட்டி, என் தங்கச்சியிடம் தாய்ப்பால் வாங்கிவந்து ஊற்றினாய். நம் ஜனங்கள் எல்லாரும் செய்வதுதானே! பால் ஊற்றியதற்கு விழுப்புரத்து டாக்டர் உன்னைத் திட்டித் தீர்த்தார். கெட்டுப்போன என் கண் லென்ஸை எடுத்துவிட்டு, வேறு வைக்கப் பிடிமானம் இல்லை என்றார்கள்.

அதன்பிறகு நான் பட்ட பேஜாரு உனக்குத் தெரியும். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டால் ஒரே மாடு பெரிசும் சின்னதுமாக ரெண்டாகத் தெரியும். கழற்றினால் வெறும் புகை. தண்ணீரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுவேன். நீ என் இடப்பக்கமாகவே நடந்து வந்தாய்.

அந்த எரிச்சலில்தான் உன் மகள் காதுகுத்தில், தாய்மாமனாக அவளை மடியில் வைத்துக்கொண்டே, "ஒன்னாலதான்டா என் கண்ணு போச்சு" என்று கத்தினேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். பாவி நான்! மறுநாளும் என் இடப்பக்கம்தான் நடந்தாய்.

இப்போது திண்டிவனத்து டாக்டரம்மாவிடம் முழுக்கதையும் சொன்னேன். பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"பால் ஊத்துனது தப்புதாங்க. சீழ் புடிச்சிருந்தா கண்ணே போயிருக்கும். ஆனா ஒங்களுக்குப் புடிக்கல. லென்ஸக் கிழிச்சது முள்ளு. அவரு பால் ஊத்தாம இருந்திருந்தாலும் லென்ஸ் போயிருக்கும்."

அப்பாடா என்று இருந்தது மச்சான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷம் ஏன் ஒருத்தரிடமும் கேட்கவில்லை?

தங்கச்சியிடம் சொன்னேன். "இத அவரு உசுரோட இருக்கசொல்ல சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?" என்றாள். அவளும் தன் பாலை நினைத்துத்தான் இத்தனை நாள் என் முகத்தை நேராகப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்தாள்.

நாளை உன் திதிக்கு அதே சொந்தக்காரர்கள் வருகிறார்கள். இலை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று, "என் மச்சான் மேல தப்பில்ல, அவன ஏசுனதுதான் தப்பு" என்று சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன், அன்று கத்தியதைவிடச் சத்தமாக.

உன் மகளின் தாய்மாமன்,
உன் மச்சான்.