மெயின் பெட்டியில் உன் பூட்டு

அக்கா,

இன்று சாயங்காலம் புந்தோங்கில் அடித்த இடியில் நம் வீட்டு மெயின் ட்ரிப் ஆகிவிட்டது. பக்கத்து வீடுகளில் எல்லாம் விளக்கு எரிகிறது, நம் வீடு மட்டும் இருட்டு. நாற்காலி போட்டு ஏறினேன். மெயின் பெட்டியின் கதவில் உன் சிவப்புப் பூட்டு. அதில் தொங்கும் அட்டையில் உன் பெயர், கீழே 'தொடாதே'. உன் கையெழுத்து வழக்கம்போல் என்னை மட்டும்தான் முறைத்தது.

சாவியை நீ கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் தந்த பையில் உன் கண்ணாடி இருந்தது, செருப்பு இருந்தது, சாவி இல்லை. மூன்று மாதமாக அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டி வரவில்லை. வரவே கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

தெற்கே அந்தப் பெரிய விமான நிலையத்துக்கு மின்சாரம் போகும் இடத்தில் நீ சார்ஜ்மேன், கரண்ட்டுக்கு நீதான் பொறுப்பு. அம்மா உனக்கு ஷாக் அடித்துவிடுமோ என்று பயந்தார். ஷாக்தான் உன்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று நான் சொன்னேன். லீவுக்கு நீ வந்தால் எனக்குக் கொண்டாட்டம். தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டு நீ குளியலறையில் இருக்கும்போது மெயினை இறக்கிவிடுவேன். வேறு யாராக இருந்தாலும் கத்துவார்கள். நீ உள்ளேயிருந்து எண்ணத் தொடங்குவாய்.

"ஒண்ணு... ரெண்டு... பதினஞ்சுக்குள்ள வரலன்னா நீ காலிதான்லா, வாலு!"

அங்கே வெளி மின்சாரம் போனால் பதினைந்து எண்ணுவதற்குள் ஜெனரேட்டர் சுமையைத் தூக்கிக்கொள்ள வேண்டுமாம். அதுவரை முக்கியமான கருவிகள் பேட்டரியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம். ஓடுபாதை விளக்குகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தனி லைனில் கோத்திருப்பார்கள் என்றும் சொன்னாய். தீபாவளிக்கு நம் வாசல் சரவிளக்கையும் அப்படியே இரண்டு பிளக்கில் மாட்டினாய். நான் ஒன்றைப் பிடுங்கினேன். பாதி விளக்குகள் அணையாமல் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தன.

அப்புறம் உன் நுரையீரல் கெட்டுப்போய், ஆக்ஸிஜன் மிஷினோடு வீட்டுக்கு வந்துவிட்டாய். அத்தனை பெரிய விமான நிலையத்துக்கு மின்சாரம் காத்தவள், கட்டில் பக்கத்து ஒற்றை பிளக்கை நம்பிப் படுத்திருந்தாய். அந்த முதல் வாரம். அம்மா தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகி அழப் போகும் நேரம் பார்த்து, கை பழக்கத்தில், மெயினை இறக்கிவிட்டேன். மிஷினை மறந்தே போனேன்.

உன் அறையில் மிஷின் 'கீ' என்று அலறியது. அதற்கு மேல் இன்னொரு சத்தம். டம்ளரில் கரண்டியால் தட்டுகிறாய். டக். டக். டக். ஆறாவது தட்டில்தான் எனக்குப் புரிந்தது. மெயினைத் தூக்கிவிட்டு ஓடி வந்தேன்.

"ஒம்பது," என்றாய், மூச்சு வாங்கிக்கொண்டே. "பாஸாயிட்ட."

பக்கத்தில் சிலிண்டரும் வைத்திருந்தாய், உனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ திட்டவில்லை. உன் வேலைப் பையிலிருந்து பூட்டை எடுத்துத் தந்து, என்னையே மாட்டச் சொன்னாய்.

"லைன்ல கை வைக்கிறவங்க மெயின இறக்கிப் பூட்டிருவாங்க. பூட்டுனவங்கதான் திறக்கணும். எங்க இடத்துல பெரிய பாஸ் வந்தாகூட தொட முடியாது."

"அந்த ஆளு சாவியோட வேலைக்கு மட்டம் போட்டுட்டா?"

"தேடணும். போன் அடிக்கணும். பாத்ரூம், மோட்டார் சைக்கிள் நிக்கிற இடம், எல்லாம் பாக்கணும். ஆளு இந்த இடத்துலயே இல்லன்னு உறுதியா தெரிஞ்சாதான் வெட்டலாம்."

"செத்துப் போயிட்டா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ மூக்குக் குழாயோடு சிரித்தாய். "அப்பவும் தேடித்தான் ஆகணும்லா. ரூல் ரூல்தான்."

இன்று பக்கத்து வீட்டு லாரிக்கார அண்ணன் பெரிய வெட்டுக் கத்தரியோடு வந்தார். "வெட்டிறவா தங்கச்சி?"

"இருங்கண்ணே. ஆளைத் தேடணும்."

"இப்பவுமாடி விளையாட்டு?" என்றார் அம்மா.

உன் எண்ணுக்கு அடித்தேன். அந்த எண் சேவையில் இல்லை என்று ஒரு பெண் மலாய் மொழியில் சொன்னாள். குளியலறையில் உன் ஷாம்பு பாட்டில் பாதி இருக்கிறது. வாசலில் உன் மோட்டார், உறை போட்டபடி. கடைசியாக உன் அறை. மிஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், தரையில் அதன் சக்கரத் தடம் மட்டும். மெழுகுவத்தியோடு பின்னால் வந்த அம்மாவுக்கு நான் யாரைத் தேடுகிறேன் என்று அங்கேதான் புரிந்தது. இந்த மூன்று மாதத்தில் அவர் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லாததைச் சொன்னார்.

"இல்லடி. அவ இல்ல."

அண்ணனிடம் கத்தரியை வாங்கி நானே வெட்டினேன். நான் மாட்டிய பூட்டு. மெயினைத் தூக்கியதும் மின்விசிறி, ஐஸ் பெட்டி, சாமி விளக்கு எல்லாம் ஒன்றாக வந்தன. அம்மா அழுதுகொண்டே ரசம் சூடு பண்ணப் போனார்.

பெட்டிக்கு இனிப் பூட்டு வேண்டாம். நான் தொட மாட்டேன். அட்டை என் பென்சில் பையில் இருக்கிறது. எங்கே கரண்ட் போனாலும் என் வாய் தானாக எண்ணத் தொடங்கிவிடுகிறது, அக்கா. பதினைந்தில் நிறுத்தத்தான் தெரியவில்லை.