மூன்றிலிருந்து தொடங்கிய பியூரெட்

நண்பா,

விழுப்புரத்தில் பழைய புத்தகக் கடை வாசலில் இன்று காலை கல்லூரிப் புத்தகங்களைக் குவித்திருந்தார்கள். தாவரவியல், புள்ளியியல், கரையான் தின்ற இயற்பியல், எல்லாவற்றுக்கும் அடியில் நம் காலத்து வேதியியல் லேப் மேனுவல். பிரித்தேன். அமிலம் பட்டு ஓட்டையான ஒரு பக்கம், அதிலிருந்து லேபின் அழுகிய முட்டை வாடை. உண்மையிலேயே வந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. எனக்கு இதுவரை அழுகை வரவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்தும் வரவில்லை.

எண்பதுகளில் இங்கிருந்து திண்டிவனம் கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். மேனுவல் வாங்கியது நீ, படித்தது நான். "புக்கு என்னுது, மூளை உன்னுது" என்று கிண்டல் செய்வாய். ஆனால் லேபில் கை ஓடுவது உனக்குத்தான். நான் தொட்டால் எதுவும் உடையும். அதனால் டைட்ரேஷன் அளவுகளை உன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவேன்.

அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய், அந்த பியூரெட், உன்னுடையதில் மேல் கோடுகள் அழிந்துபோயிருந்தன. எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்க, நீ மட்டும் மூன்றில் தொடங்குவாய். என்னுடையதில் கோடுகள் பளிச்சென்று இருந்தன. ஆனாலும் வருஷம் முழுக்க அந்த மூன்றையும் சேர்த்தே எழுதிவைத்தேன். புத்திசாலி என்று பேர் எடுத்தவன் செய்த காரியம் அது.

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் போனபோது துறைத்தலைவர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் எல்லா அளவும் மூன்றிலேயே தொடங்கியது. யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கேட்டார். காப்பியடித்தவன் நோட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார முடியாது. நான் அவர் மேசையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் சார்" என்றாய் நீ.

திரும்பும்போது பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாய். "நீ சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன்டா. சொல்லல. யாராச்சும் ஒருத்தன் சொல்லித்தான ஆவணும்."

பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்றேன். நீ எழுதவில்லை, திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். நான் வேதியியல் ஆசிரியனாகி, பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றேன். பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக்கொடுத்தாய். அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

காரியத்தன்று உன் மனைவி என்னை ஓரமாக உட்காரவைத்தார். "படிப்பு ஏறல, அதான் நானே நின்னுட்டேன்னு சொல்லுவாரு. நீங்க கூடப் படிச்சவருதானே சார், நெஜமாவா அது?" உன் மகள் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு இனி நஷ்டமாக ஒன்றுமில்லை.

"ஆமாம்மா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னார். குடித்தேன். அன்று சும்மா நின்றேன், இந்தத் தடவை வாய் திறந்து உன்னைப் படிப்பு வராதவன் ஆக்கிவிட்டு வந்தேன். அதை மாற்ற வேண்டுமென்றால் திண்டிவனத்தில் உன் வீட்டுக்கு ஒரு நடை போனால் போதும். ஒரு மணி நேர பஸ்தான்.

இன்னும் போகவில்லை.