கிழக்கே காலிமனை

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.6.2025

அன்புள்ள ஷீனா,

பெருநாள் நல்லபடியாக முடிந்தது. உனக்குப் பிரியாணி கொடுத்துவிட ஆள் கிடைக்கவில்லை. பஸ்ஸில் அனுப்பலாம் என்றால், ராஜபாளையம் வருவதற்குள் கண்டக்டர் சாப்பிட்டுவிடுவார் என்கிறாள் என் மகள் ஜுவைரியா. பக்கத்து ஊருக்குத் தபால்தலை ஒட்டுகிற பைத்தியங்கள் நாம் இரண்டு பேர்தான் என்று தபால்காரர் சிரிக்கிறார். கல்லூரி விடுமுறைகளில் தொடங்கிய பழக்கம். நீ போனை எடுக்காத வரைக்கும் தீராது.

விஷயத்துக்கு வருகிறேன். பாரூக் என்னைத் தனியாக விட்டு மௌத்தாகி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. போன தீபாவளிக்குக் கடை போடவில்லை. இந்த வருடம் என் பெயரில் பட்டாசு உரிமம் கேட்கிறேன். அவர் வாங்கியது போல தீபாவளிக்கு மட்டுமான தற்காலிக உரிமம் இல்லை. வருடம் முழுக்க இருப்பு வைத்து விற்கிற உரிமம். கல்யாணம், கோயில் கொடை, தேர்தல் என்று நம் பக்கம் வெடி வெடிக்காத மாதம் ஏது?

கிடைக்காவிட்டால் கடையநல்லூரில் அண்ணன் வீட்டுக்குத்தான் போகவேண்டும். "எங்க கூட வந்து இரும்மா, சோத்துக்கா பஞ்சம்?" என்று மதினி பாசமாகத்தான் கூப்பிடுகிறாள். சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாற்பத்தெட்டு வயதில் நான் அங்கே ஒரு விருந்தாளி.

பாரூக்கின் பழைய கோப்பிலிருந்த வரைபடத்தையே ஜெராக்ஸ் எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றிவிட்டேன். வருடா வருடம் அவர் செய்ததும் அதுதான். பக்கத்து இடத்துக்காரர் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரவேண்டுமாம். கடைக்குக் கிழக்கே உன் இடம்தானே. பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. சத்தியநேசன் அண்ணனுக்கு என் சலாம்.

உன்
நூர்பானு


ராஜபாளையம்
13.6.2025

அன்புள்ள நூர்,

வாசனையை நினைத்துக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டேன். நீ மறுபடி கடை நடத்தப் போவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

ஆனால் கையெழுத்துப் போடவில்லை. தாளை அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன்.

வரைபடத்தில் கிழக்கே 'காலிமனை' என்று இருக்கிறது. அந்த மனையில் அப்பா வீடு கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. பாண்டிசெல்வி தன் இரண்டு பிள்ளைகளோடு ஆறு வருடமாக அதில் குடியிருக்கிறாள். நகல் எடுத்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாரூக் அண்ணனும்தான், கேட்டுப் பார்க்காத நானும்தான். உன் கடையின் பின்னறைக்கும் அந்த வீட்டுக்கும் ஒரே சுவர். நீ சரக்கு அடுக்கப்போவது பின்னறையில். இதில் நான் கையெழுத்துப் போட்டால், அந்த மூன்று பேரும் அங்கே இல்லை என்று சான்று கொடுத்ததாக ஆகும்.

2019 தீபாவளிக்கு முந்தின நாள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, கூட்டம் நிற்க நிற்க பாரூக் அண்ணன் ஷட்டரை இறக்கிவிட்டு, வேனில் இருந்த சரக்கை இறக்கிப் போட்டு, மதுரைக்கு ஓட்டினார். அப்பா அதன்பிறகு இரண்டு வருடம் இருந்தார். அந்த இரண்டு வருடத்துக்காக உனக்கு எது வேண்டுமானாலும் செய்வேன், இதைத் தவிர.

வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு வெடிமருந்தின் மேல் பயமில்லை. அது தன் குணப்படி நடந்துகொள்ளும். 'இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்லும் மனிதர்களிடம்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

கோபிக்காதே என்று எழுதமாட்டேன். கோபித்துக்கொண்டாவது பதில் போடு.

ஷீனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.6.2025

திருமதி ஷீனா சத்தியநேசன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உங்களிடம் நான் கேட்டது ஒரு கையெழுத்து. மனு எழுதிக் கொடுப்பவர், "டீச்சரம்மா கையெழுத்து இல்லாம இந்தப் பைலு நகராது தாயி. உங்க சிநேகிதிதானே, போய்க் காலைப் பிடிங்க" என்கிறார். உங்கள் காலையெல்லாம் பிடிக்க முடியாது. விடுதியில் அதற்குக் கொலுசு போட்டுவிட்டவள் நான்.

இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே! எழுதிவிட்டேன், நீங்கள் நம்பாத வாக்கியத்தை.

பாண்டிசெல்வி வேறு வீடு பார்த்துக்கொண்டால் என்ன என்று அவள் வாசலில் நின்று கேட்டேன். "எக்கா, பிள்ளைக பள்ளிக்கூடம் எதுத்தாப்ல இருக்கு. எங்களை எங்க போகச் சொல்லுதிய?" என்றாள். வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளில் சின்னது என்னைப் பார்த்துச் சிரித்தது. அதுவேறு எரிச்சல்.

விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. ஆவணி பிறந்ததும் வந்து கூட்டிப்போகச் சொல்லி அண்ணனுக்குத் தகவல் அனுப்பிவிட்டேன். இனி எழுதுவதானால் கடையநல்லூருக்கு எழுதுங்கள். எழுதவேண்டும் என்றும் இல்லை.

இப்படிக்கு,
பா. நூர்பானு


ராஜபாளையம்
1.7.2025

அன்புள்ள நூர்,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். என் நியாயத்தை இன்னொரு தடவை எழுதுவதில் உனக்கு ஒரு பயனும் இல்லை என்று புரிந்ததும் கிளம்பி வெளியே போனேன்.

பாண்டிசெல்வியைக் காலி செய்யச் சொல்லமாட்டேன். நீயும் கடையநல்லூர் போக வேண்டாம்.

வத்திராயிருப்பு சாலையில் மதார் சாகிப்பின் பழைய உரக்கடை பூட்டிக் கிடக்கிறது. தனிக்கட்டிடம். சிமெண்டுக் கூரை, முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. முன்னால் சாலை, மற்ற மூன்று பக்கமும் தரிசு. பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்தேன். அவரே வந்துவிட்டார். "பாரூக்கு சம்சாரத்துக்கா? சாவிய இப்பவே கொண்டுபோங்க டீச்சர். உரம் வித்து நான் ஓய்ஞ்சிட்டேன், அவியளாவது வெடிய வித்துப் பொழைக்கட்டும்" என்றார். சாவியை வாங்கவில்லை. அதை நீதான் வாங்கவேண்டும்.

வரும் ஞாயிறு, ஆராதனைக்குப் போகாமல், காலை ஏழு மணிக்கு டேப்போடு அங்கே இருப்பேன். சத்தியநேசன் அதிசயமாகப் பார்க்கிறார். நான்கு பக்கமும் நடந்து அளந்து, இருப்பதை இருக்கிறபடி குறித்துக்கொள்ளப் போகிறேன். நீ வராவிட்டாலும் அளப்பேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஷீனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.9.2025

என் ஷீனாவுக்கு,

உரிமம் வந்துவிட்டது. என் பெயர் போட்ட தாளை ஜுவைரியா நாலு தடவை வாசித்துக் காட்டினாள். நிபந்தனைகளையும் சேர்த்து.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை நாம் பேசிக்கொள்ளவே இல்லை. 'பிடி', 'விட்டுராத', 'ஏட்டி, தொய்வா இருக்கு' எல்லாம் பேச்சில் சேராது. இருந்தும் வெயிலேறும் வரைக்கும் நீ ஓடையின் கரை எத்தனை மீட்டர், கரண்டுக் கம்பம் எத்தனை மீட்டர் என்று நடந்துகொண்டே இருந்தாய். பொறியாளர் விக்னேஷ்வரன் உன் அளவுகளைச் சரிபார்த்துத்தான் வரைபடம் போட்டார்.

சோதனைக்கு வந்த தீயணைப்பு அதிகாரி தாளையும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, ரோட்டோரத்துல நிக்கிற வேப்பமரத்தக்கூடக் காட்டியிருக்கிய. யாரு அளந்தது?" என்றார். "காலேஜு டீச்சர் சார்" என்றேன். "அதானே பார்த்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்துத கை" என்று சிரித்தார். மணல் வாளி எத்தனை, தண்ணீர் எங்கே, பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். நீ சொல்லிக்கொடுத்தது. அண்ணனிடம் வரவேண்டாம் என்று ஆடியிலேயே சொல்லிவிட்டேன். மதினி போனில் அழுதாள். கொஞ்சம் நிம்மதியாகவும் அழுதது போல இருந்தது.

ஷீனா, எதற்கெல்லாமோ மனிதர்கள் நன்றி சொல்கிறார்கள். ஒருத்தி கையெழுத்துப் போடாததற்கு நன்றி சொல்ல எந்த மனு மாதிரியும் கிடைக்கவில்லை. அதனால் நேற்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பழைய கடையைக் காலி செய்துகொண்டிருந்தேன். பாண்டிசெல்வி வந்து, "இம்புட்டு வருசம் பக்கத்துல இருந்திய. போறதுக்கு முந்தி ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவள் வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. கூடத்தைத் தாண்டினால் சமையலறை. கேஸ் அடுப்பு மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. காலையிலிருந்து எரிந்திருக்கும்போல, ஒரு பக்கம் பால், ஒரு பக்கம் உலை. சின்னது அடுப்புத் திண்டுக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

நான் மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம்தான் என் பின்னறை. அதே உயரத்தில், அதே இடத்தில், பாரூக் பட்டாசுப் பெட்டிகளை அடுக்கி வைத்த பலகை. சுவரில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்க முடியவில்லை.

"என்னக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்லட்டி, காப்பி நல்லா இருக்கு" என்றேன். அவள் இன்னும் ஆற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

உன்
நூர்பானு