நீலக்கல்லின் வயதும் உன் மூன்று வருஷமும்

மாப்பிள்ளே கோமதிநாயகம், போன இடத்திலும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும் என் செல்லமே,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நீ செத்த அன்று உன் வயதில் மூன்று வருஷத்தைத் திருடிவிட்டேன்.

உன் அண்ணாச்சி சுடுகாட்டில் அழுதுகொண்டிருந்தார். கிராம முன்சீப் சாவுப் பதிவு நோட்டை விரித்து, "என்ன வயசுவே இவருக்கு?" என்று என்னிடம் கேட்டார். ஐம்பத்துநாலு என்று நாக்கு நுனிவரை வந்தது. சுற்றிலும் பாதி சங்கரன்கோவில் நிற்கிறது. நாம் இருவரும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள் என்பது ஊரறிந்த சேதி. உனக்கு ஐம்பத்துநாலு என்றால் எனக்கு? நான் தலைக்கு மை பூசிப் பட்ட பாடெல்லாம் என்னாவது? "அம்பத்தொண்ணு" என்றேன். எழுதிவிட்டார்.

பள்ளிக்கூடப் பதிவுப்படி வருகிற ஆடியில் எனக்கு ஐம்பத்தைந்து. குமாஸ்தா நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். அந்தப் பிறந்த தேதியோ, என்னைச் சேர்த்துக்கொண்ட வாத்தியார் என் உயரத்தைப் பார்த்துப் போட்டது. கடைக்குட்டிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "கோமதிநாயகம் அண்ணன் சாவுப் பதிவுல அம்பத்தொண்ணுதான இருக்கு? ஒங்களுக்கும் அதான் வயசுன்னு மனு போடுங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி.

மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தபோதுதான் மதராசிலிருந்து ஒரு பூகர்ப்ப ஆராய்ச்சிக்காரர் வந்தார். சிவகிரி மலைப்பக்கம் பாறை பார்க்க அவருக்குத் துணையாக என்னை ஆபீசில் அனுப்பினார்கள். வேறெங்கோ எடுத்த பாறைத்துண்டு ஒன்றை அவர் பையில் வைத்திருந்தார், நடுவில் நீலக்கல்.

"இதுக்கு என்ன வயசு சார் இருக்கும்?"

"நீலக்கல்லைக் கேட்டா சொல்லாது. அதுல யுரேனியம் இல்லை. கூடவே பிறந்து பக்கத்துல ஒட்டியிருக்கே ஜிர்கான்னு இந்தப் பொடி மணி, இதைத்தான் கேக்கணும்."

"பக்கத்து வீட்டுல வெசாரிக்கியளாக்கும்?"

"அப்படித்தான்" என்று சிரித்தார். நாற்பது வருஷமாக நான் வம்பு பேசியதெல்லாம் விஞ்ஞானமா மாப்பிள்ளே?

"யுரேனியத்துல ரெண்டு ரகம். பேரு ஒண்ணு, எடைதான் வேற. ஐசோடோப்புன்னு சொல்வோம். ரெண்டும் வேற வேற வேகத்துல ஈயமா மாறும். சேர்ந்த ஈயத்தை அளந்தா வயசு வரும். ரெண்டு கணக்கும் ஒத்து வந்தா, அந்த மணியோட வயசுதான் நீலக்கல்லுக்கும்."

"ஒத்து வரலைன்னா?"

"மணியில இருந்து ஈயம் கொஞ்சம் வெளியே போயிருக்கும். வயசு குறைஞ்சு தெரியும்."

சட்டைப்பை மனுவைக் கையால் பொத்திக்கொண்டேன். மணியைச் சுரண்டியவன் பக்கத்தில் நிற்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? நான்தான் நீலக்கல், நீ அந்த மணி என்று வைத்துக்கொள். (சிரிக்காதே.) என் வயதைச் சொல்ல ஜாதகம் இல்லை, உன்னதை வைத்துத்தான் எண்ணினார்கள். உன் ஜாதகத்தைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சமிருந்தது முன்சீப் நோட்டு ஒன்றுதான். அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

கோடி வருஷத்துக் கல்லுக்கு வயது கிடைக்கிறது, ஐம்பது சொச்சத்துக்குக் கிடைக்கவில்லையே, இது என்ன நியாயம்? ஐம்பத்துநாலு என்பதுதான் யாருக்கு நிச்சயம்? நான் உன்னைக் கைகாட்டினேன், நீ என்னைக் கைகாட்டினாய். உண்மையில் நம் இருவருக்கும் என்ன வயதுடா?

வீட்டுக்கு வந்ததும் மனுவைக் கிழித்துவிட்டேன். வீட்டுக்காரி துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைக்கப் பார்த்தாள். நீ என்னை நம்ப வேண்டும்: திங்கட்கிழமை முன்சீப் வீட்டுக்குப் போய், நாலு பேர் முன்னால் என் வாயாலேயே சொல்லி, உன் மூன்று வருஷத்தையும் உன் பெயரில் திரும்ப எழுத வைப்பேன். ஆடியில் நாற்காலி போனால் போகட்டும்.

உன் மச்சான்,
வேலாயுதம்

பி.கு.: இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் உன் அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். "ஒரே வாரமா? யாருவே சொன்னா? அவன் சிவகிரில பெறந்தவன்லா. நடக்கப் படிச்ச பொறவுதான் இங்கன கூட்டியாந்தோம்" என்றார். நடக்கிற பிள்ளையாய் நீ வந்து இறங்கிய அன்று நான் பதினாறு நாள் பிள்ளையாம். அப்போ உன்னைவிட நான் ஒரு வயதாவது இளையவன்டா!