கரி வண்டிக் கொட்டகைக் கதவு

1943, புரட்டாசி 18

மாட்டு வண்டிக்காரச் சுருளி இன்று முதல் மோட்டார்காரன். நாற்பத்தைந்து வயதில் முதல் உத்தியோகம்! சண்டையால் பெட்ரோல் கிடைப்பதில்லை. பஸ்ஸின் முதுகில் பெரிய பீப்பாய் வைத்து, அதில் கரியைக் கனியவிட்டு, வரும் கேஸில் வண்டி ஓட்டுகிறார்கள். பீப்பாய்க்குத் தீ மூட்டுவது என் வேலை. சேர்த்துவிட்டது என் பெண்டாட்டி ரெங்கம்மாளின் தம்பி நல்லகாமன், பஸ் கம்பெனி மெக்கானிக். அவள் தூக்கி வளர்த்த பயல் எனக்கு மேஸ்திரி. "மாப்ள, நான் ஒனக்குக் கும்பிடு போடணுமா, நீ எனக்குப் போடுவியா?" என்றேன். "மொதல்ல வேட்டிய இறுக்கிக் கட்டுங்க மச்சான், மிஷின்ல சிக்கிரும்" என்றான்.

புரட்டாசி 19

மாப்பிள்ளை ஓயாமல் புத்தி சொல்கிறான். கரி ஈரமானால் வண்டி நகராது. மூடியைத் திறக்கும்போது மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பீப்பாய் கனியும்போது கொட்டகைக் கதவைச் சாத்தவே கூடாது. "அந்தக் கேஸுக்கு நாத்தமும் இல்ல, நெறமும் இல்ல மச்சான், ஆனா ஆளையே சாச்சுரும். தலை வலிச்சா வெளிய ஓடியாந்துருங்க."

"ஒங்க அக்கா பேச ஆரம்பிச்சாலும் எனக்கு அப்படித்தான் வலிக்குது" என்றேன்.

அவளிடம் சொல்லிவிட்டான் போல. இன்று சோற்றுக்குக் குழம்பு இல்லை.

புரட்டாசி 25

சோழவந்தான் போகிற வழியில் பாலத்து மேட்டில் வண்டி நின்றுவிட்டது. சனமெல்லாம் இறங்கித் தள்ளியது. வெற்றிலைக்காரி மலையம்மாள், "இதுக்கு ஒன் மாட்டு வண்டியே தேவல" என்றாள். "மாடு சாணி போடும் ஆத்தா, இது சாம்பல் போடுது. அள்ளிட்டுப் போயி பல்லு விளக்கு" என்றேன். வண்டியே சிரித்தது. மாப்பிள்ளை முதுகில் தட்டி, "தேறிட்டீக மச்சான்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ஏன் இம்புட்டுச் சந்தோஷம்?

ஐப்பசி 4

அடைமழை. கரி வந்து சேரவில்லை.

ஐப்பசி 6

நல்லகாமன் போய்விட்டான்.

ஐப்பசி 9

எழுதாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குச் சாயங்கால வண்டிக்குத் தீ மூட்டியிருந்தோம். சாரல் கொட்டகைக்குள் அடித்தது. ஒரு மூட்டைக் கரிதான் மிச்சம். சோழவந்தான் சனம் ரோட்டில் காத்து நிற்கும். "கரி நனையுது மச்சான், ஓடிப்போயி ஒரு தார்ப்பாய் வாங்கியாங்க" என்று அனுப்பினான். சிம்மக்கல்லில் கடை கடையாக அலைந்து திரும்பினால் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. சாத்தக் கூடாது என்று எனக்குச் சொன்னவனே சாத்தியிருக்கிறான். கரி நனையக் கூடாது, மச்சான் வருகிற வரைக்கும்தானே என்று நினைத்திருப்பான்.

எனக்கு அது உறைக்கவில்லை. "என்ன மாப்ள, புதுப்பொண்ணாட்டம் கதவடைச்சுக்கிட்ட! மச்சானப் பாக்க வெக்கமா?" என்றேன். பதில் இல்லை. என் கேலிக்கு எதிர்க்கேலி என்று நினைத்தேன். தார்ப்பாயைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு பொண்ணழைக்கிற பாட்டுக்கூடப் பாடினேன். பாவி, பாட்டுப் பாடினேன்—

டிரைவர் வந்து பார்த்த பிறகுதான் கதவை உடைத்தோம்.

எம்புட்டு நேரம் நின்னேன்? அப்ப மூச்சு இருந்துச்சா? நான் பாடுனது காதுல விழுந்துச்சா? யாருகிட்டப் போயிக் கேக்க?

ஐப்பசி 16

ரெங்கம்மாள் என் முகம் பார்ப்பதில்லை. திட்டினால்கூடத் தேவலை. முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். போகவா, வேண்டாமா என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "எந்தம்பி சேத்துவிட்ட வேல. விட்டுட்டு வந்து இங்க ஒக்காராதீக" என்றாள்.

ஐப்பசி 18

போனேன். உடைந்த கதவைச் சரிபண்ணி மாட்டி வைத்திருந்தார்கள். முதல் காரியமாகக் கழற்றினேன். "மழையில கரி நனையுமேய்யா" என்றார் முதலாளி.

"நனையட்டும் முதலாளி. அன்னைக்கு வண்டி ஓடாது."

வழியில் மலையம்மாள், "ஏய் சுருளி, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலியா?" என்றாள். நான் பீப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 25

சாயங்காலம் மறுபடி பெருமழை. வீட்டுக்குள் சாரல் அடித்து என் பாய் நனைந்தது. ரெங்கம்மாள் எழுந்து போய்க் கதவில் கை வைத்தாள். வைத்த கையோடு அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து பாயை இழுத்து உள்பக்கம் போட்டாள்.

"இங்கிட்டு வந்து ஒக்காருங்க" என்றாள், என் முகத்தைப் பார்த்து.

கதவு திறந்தே கிடந்தது.